காப்புக்குள் ஒரு விருந்தாளி

வியாழக்கிழமை காலைப் பெரட்டிலேயே விஜயலெட்சுமிக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அன்று மத்தியானத்துக்குள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிறகு வந்த தலைவலி எதுவும் வந்திருக்காது. அவள் சொல்லவில்லை. பாவம் மறந்திருப்பாள் என்று நினைக்கத் தோன்றும். அதெல்லாம் இல்லை, தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டாள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவதாக இருந்தது. குருக்களுக்குத் தெமோதரைப் பக்கம் ஒரு கும்பாபிஷேகம் வந்து விழுந்துவிட்டதால், மறுநாள் வெள்ளிக்கிழமை மாலையே கட்டிவிடுவதென்று கோயில் கமிட்டி முடிவு செய்துவிட்டது. பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும் கோயில் தலைவர் அதைச் சொன்னார். நமுனுகுலை மலைச் சரிவில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் வரிசை வீடுகளாக நாலு லயம், அறுபத்திரண்டு குடும்பம். காப்புக் கட்டினால் அந்த அறுபத்திரண்டு வீட்டிலும் மீன் வாசம் அடிக்காது. அதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. காப்புக் கட்டும் நேரத்தில் தோட்டத்து எல்லைக்குள் யார் இருந்தாலும், தேர் முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ராத்தங்கல் வெளியே கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் தோட்டத்துக்குள் வந்துவிட வேண்டும்.

விஜயலெட்சுமி மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். அன்று மாலை பதுளையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் அவள் வீட்டில் இரண்டு ராத்திரி தங்க வருகிறாள்.

எல்லாம் மகள் நிரஞ்சலா போகும் பயிற்சியால் வந்தது. உயர்தரம் படித்து முடித்துவிட்டு வீட்டிலிருந்த பெண், மூன்று மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் பதுளைக்கு பஸ் ஏறுகிறாள். இளந்தலைவர் பயிற்சியாம். சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் என்று இருபத்துநாலு பேர். ஒருவர் மதத்தையும் பழக்கத்தையும் மற்றவர் மதிக்கும்படி ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிற தலைவர்களாக இவர்களை ஆக்கப்போகிறார்கள். முதல் வாரம் வட்டமாக நின்று கம்பளி நூலுண்டையை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். இரண்டாம் வாரம் மஞ்சள் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். "நூலச் சிக்காக்கிறதுக்கும் செவுத்துல ஒட்டுறதுக்குமாடி விடியக் காலையில எந்திரிச்சு ஓடுற" என்று விஜயலெட்சுமி கேலி செய்தாள். ஆனாலும் சனிக்கிழமை விடிகாலை மகளுக்கு முன்னால் எழுந்து ரொட்டி தட்டிக் கட்டிக்கொடுத்தது அவள்தான்.

பயிற்சியின் கடைசி வேலை, வேறு மதத்துக் குடும்பத்தில் இரண்டு ராத்திரி தங்குவது. நிரஞ்சலாவுக்கு ஜோடியாக வந்தவள் ஜுமானா. பதுளை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஷுக்ரியின் இளைய மகள். நிரஞ்சலா முதலில் அங்கே போய்த் தங்கி, தட்டில் போட்டதைத் தின்று தீர்க்க முடியாமல் திணறிய கதையோடு திரும்பி வந்தாள். இப்போது ஜுமானாவின் முறை. வருகிற புதன்கிழமை அவளுடைய அக்கா ஹனாவுக்கு நிக்காஹ். கல்யாண வேலைக்கு நடுவிலும் பெண்ணை அனுப்ப அந்த வீட்டில் சம்மதித்திருந்தார்கள்.

விஜயலெட்சுமி ஒரு வாரமாக வீட்டைப் புரட்டிப் போட்டிருந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெரியாயி அக்காளிடம் கட்டிலை இரவல் வாங்கிப் போட்டாள். அந்தப் பிள்ளை மனக்கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று புதுச் சட்டியும் இரண்டு தட்டும் கிளாஸும் வாங்கிவைத்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அந்த லயத்து வீட்டில் டவுன் ஆள் ஒருவர் படுத்து எழுந்ததில்லை. பள்ளிக்கூட டீச்சர் வந்தாலும் வாசலில் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முதல்முறையாக ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு தங்க வருகிறாள். இந்த நேரத்தில் வரவேண்டாம் என்று சொல்ல விஜயலெட்சுமிக்கு நாக்கு எழவில்லை. முஸ்லிம் பிள்ளைக்கு நம்ம காப்பு எதுக்கு, அது கணக்கிலேயே வராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

ஜுமானா வந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டி, உங்கட வீட்டுக்கு வர நூத்தி எழுபது படி ஈக்கிது, நான் எண்ணிட்டேன்" என்றாள். விஜயலெட்சுமிக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

தொழ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போனைப் பார்த்துக் கண்டுபிடித்து, உள்காம்பராவின் மூலையில் பச்சை விரிப்பை விரித்தாள். விரிப்பின் ஒரு முனை அடுப்பங்கரை வாசலில் இடித்தது. அவள் தொழுது முடிக்கும்வரை விஜயலெட்சுமி தேங்காய் திருவுவதை நிறுத்தி, பாதி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விஜயலெட்சுமியின் புருஷன் வீரய்யா கோயிலுக்குக் கிளம்பினான். நிரஞ்சலாவுக்குப் பத்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் கரகம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவன் அவன். பதினோரு வருஷம் வரிசையில் நின்று, இந்த வருஷம்தான் கரகம் அவன் தலைக்கு வந்திருந்தது. இனிக் காப்பு அவிழ்க்கும்வரை அவனுக்குக் கோயில்தான் வீடு.

"காப்பு இன்னைக்கா? செவ்வாக்கெழமைன்னுதானே சொன்னாங்க. எப்பம்மா மாத்துனாங்க?" என்று நிரஞ்சலா கேட்டாள்.

"இப்பத்தான் சொல்றாங்க" என்றாள் விஜயலெட்சுமி. பொய் அவள் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

"அப்ப ஜுமானா?"

"அது நம்ம ஆளுகளுக்குத்தானேடி. நம்ம வழக்கத்த விருந்தாளி தலையில கட்டக் கூடாதுன்னு நீதானே வந்து சொன்ன."

அது உண்மைதான். பயிற்சிப் புத்தகத்தில் இரண்டாவது விதி.

அன்று ஜுமானா மலைக்கும் வந்தாள். பனியில் நனையாமல் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விஜயலெட்சுமியின் நிரையில் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளச் சொன்னால் நாலு இலையோடு பிடுங்கினாள். "இந்தப் புள்ள எடுக்கிற கொழுந்த நிறுத்தா கணக்கப்புள்ள நம்மள வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். மூடுபனி விலகி வெயில் ஏறியதும் ஒரு அட்டை அவள் கணுக்காலில் ரத்தம் குடித்துத் தடித்திருந்தது. அவள் கத்தவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, "இது இன்னும் எவ்வளவு நேரம் குடிக்கும்" என்று கேட்டாள். பெரியாயிதான் வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து அதை எடுத்துவிட்டாள்.

மாலையில் வழக்கமான இடிமழை பெய்து ஓய்ந்தபின் காப்புக் கட்டினார்கள். தோட்டத்து எல்லையில் வேப்பிலைத் தோரணம் ஏறியது. தப்புக்காரர்கள் மேளம் அடித்தபடி நாலு லயத்தையும் சுற்றிவந்து சொன்னார்கள்: "காப்புக் கட்டியாச்சு. இந்த நேரம் எல்லைக்குள்ள இருக்கிறவுக யாரும் ராத்தங்கல் வெளிய போகக் கூடாது." ஜுமானா வாசலில் நின்று அதை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு விஜயலெட்சுமியைப் பார்த்தாள். விஜயலெட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை குழாயடிக்கு வந்த பெரியாயி, வாசலில் கட்டி வைத்திருந்த ஜுமானாவின் பையைப் பார்த்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். சத்தமில்லாமல் பேசத் தெரியாதவள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு. பத்து மணிக்கு வாப்பா வருவாங்க."

பெரியாயி குடத்தைக் கீழே வைத்தாள். "போகப்படாது."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கோயில் முன்னால் மூங்கில் பந்தலுக்குக் கீழே பாதித் தோட்டம் கூடிவிட்டது. கரகத்துக்காகக் கையில் மஞ்சள் காப்போடு வீரய்யா கோயில் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவியையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. கல்லும் மண்ணுமாக இருந்த அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ள நம்ம ஆளு இல்லை. போகட்டும் விடுங்க" என்றார்கள் சிலர்.

"எல்லைக்குள்ள இருந்துச்சா இல்லையா? மழை பேஞ்சா ஆளப் பாத்தா பெய்யுது" என்றார்கள் வேறு சிலர்.

கோயில் தலைவர் தொண்டையைச் செருமினார். நியாயமான மனிதர், ஆனால் எதையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுவார். "வீரய்யா வீட்டுல சாப்பிட்டு வீரய்யா வீட்டுல படுத்த புள்ள. அது காப்ப மீறுனா வீரய்யா வீடு மீறுன மாதிரி. அப்பிடி மீறுன வீட்டு ஆளு கையில கரகம் இருக்கப்படாது. நான் சொல்லலை, வழக்கம் சொல்லுது."

விஜயலெட்சுமி படியில் இருந்தவனைப் பார்த்தாள். பதினோரு வருஷம். தன் வாய் ஒரு நாள் சும்மா இருந்ததற்கு அவன் பதினோரு வருஷத்தைக் கொடுக்கப்போகிறான்.

"அப்ப இப்பிடிச் செய்வோம்" என்றார் தலைவர். "பகல்ல போகட்டும். பொழுதுக்குள்ள திரும்பி வந்திரட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் எட்டு ராத்திரிதானே."

ஜுமானாவின் முகம் சுருங்கியது. "செவ்வாய்க்கெழமை ராவு ஹனா ராத்தாட கைக்கு மருதாணி வைக்கோணும். நான்தான் வைக்கிறன்னு சின்ன வயசில இருந்தே சொல்லி வச்சிட்டீக்கிறோம்" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் விஜயலெட்சுமியிடம், "நான் போனா உங்கட வீட்டுக்கு ஏதும் ஆகுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். விஜயலெட்சுமியால் அவள் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடிந்தது.

நிரஞ்சலா இதற்குள் வீட்டுக்கு ஓடி மஞ்சள் பேப்பரும் தடித்த பேனாவும் எடுத்துவந்திருந்தாள். மூன்று மாதம் படித்ததை எங்கேயாவது செலவழித்துத்தானே ஆகவேண்டும்.

"எல்லாரும் வட்டமா உக்காருங்க. ஒருத்தர் பேசும்போது மத்தவுங்க குறுக்க பேசப்படாது. பெரியம்மா, நீங்க சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்னா இருக்கு. புள்ள போகப்படாது."

"அப்ப நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா, ஜுமானா போகக் கூடாது."

"நான் சொன்னதையே ஏன்டி திருப்பிச் சொல்ற? எனக்குக் காது கேக்கும்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. நிரஞ்சலாவின் காது சிவந்தது. பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள். பேனா கையிலேயே இருந்தது. பெரியாயிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, கரகம் எங்க அப்பாக்கிட்ட இருந்து போயிருமேன்னு நாங்க பயப்படுறோம். நீங்க யாருக்காகப் பயப்படுறீங்க?"

பெரியாயி முந்தானையை இழுத்து மடியில் வைத்துச் சுருட்டினாள்.

"தோட்டத்துக்கு ஒன்னும் ஆகாதுடி. சாமி என்ன, அவ்வளவு கோவக்காரியா. இந்தப் புள்ளைக்குத்தான் பயப்படுறேன். ஆறு வருஷத்துக்கு முன்ன காப்புக் கட்டுன மூணாம் நாளு என் மகன் கொழும்புக்குப் போறேன்னு நின்னான். வேணாம் வேணாம்னு சொன்னேன். கிளீனர் வேலை கிடைச்சிருக்கும்மான்னு லொறியில ஏறிட்டான். பெரகல வளைவுல லொறி உருண்டுச்சு. அவனை ஒரு கட்டில்லதான் எட்டு மாசம் போட்டு வச்சிருந்தேன். இந்தப் புள்ள படுத்துச்சே, அந்தக் கட்டிலு."

கூட்டத்தின் ஓரத்தில் திரீவீலருக்குள் உட்கார்ந்திருந்த அந்த மகன் சதீஸ்குமார், "அம்மா, டிரைவர் தூங்கிட்டாரும்மா. எத்தனை வாட்டி சொல்றது" என்றான்.

"நீ சும்மா இருடா. ஒன் காலுல இருக்கிற கம்பிய நீயா பாத்து அழுத?"

யாரும் சிரிக்கவில்லை. ஜுமானா எழுந்துவந்து பெரியாயிக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். அட்டை கடித்த கணுக்காலில் பழந்துணிக் கட்டு இன்னும் இருந்தது. அதைக் கட்டிவிட்டவளும் பெரியாயிதான்.

அந்த நேரம் பார்த்து ஷுக்ரி வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, பருத்த உடம்பு, கையில் தொதல் இனிப்புப் பெட்டி. வேனை ரோட்டில் நிறுத்தி, நூற்றெழுபது படியும் ஏறி, லயத்தில் யாரையும் காணாமல் கோயிலுக்கு இறங்கிவந்திருந்தார். கூட்டத்தையும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்த மகளையும் பார்த்தவுடன் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன இது? புள்ளைக்குச் சுகமில்லையா?"

"ஒன்னும் இல்லை வாப்பா" என்று ஜுமானா எழுந்து நடந்ததைச் சொன்னாள். அவர் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். கேட்டு முடித்ததும் தலைவரைப் பார்த்தார்.

"அப்ப என்ட புள்ளையும் உங்கட ஆளுகள்ள ஒருத்தியா வந்திட்டா?"

"காப்புக்குள்ள இருந்தா வந்ததுதாங்க முதலாளி."

"நான் கோவமாக் கேக்கல்ல. முப்பது வருஷமா இந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சட்டி பானை விக்கிறன். முதலாளி, நானா, இப்பிடித்தான் கூப்பிடுவாங்க. உங்கட ஆளுன்னு யாரும் சொன்னதில்ல." வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா புள்ளைய நான் கூட்டிக்கொண்டு போகோணும். வீட்டுல கல்யாணம். அதோட சொல்லிப்போடுறன், நூல் கட்டுறது, திருநீறு பூசுறது, இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது. கோவிச்சிக்கிடாதீங்க."

தலைவர் நிரஞ்சலாவின் பக்கம் திரும்பினார். பெரிய மனிதர்கள் மடக்க முடியாத இடத்தில் சின்னவர்களைத்தானே மடக்குவார்கள். "தலைவருக்குப் படிக்கிறவ நீ. வியாழக்கெழமைப் பெரட்டுலயே சொன்னேனே. தெரிஞ்சுக்கிட்டே ஏன் இந்தப் புள்ளையக் கூட்டியாந்த?"

நிரஞ்சலா வாயைத் திறந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வியாழக்கிழமைப் பெரட்டில் அம்மா நின்றாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவள் எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைத்தான் விஜயலெட்சுமியால் தாங்க முடியவில்லை.

"அவளுக்குத் தெரியாதுங்க" என்றாள். பந்தல் முழுக்கக் கேட்டது. "எனக்குத்தான் தெரியும். பெரட்டுல நான் நின்னேன். நான் சொல்லலை. சொன்னா இந்தப் புள்ள வராதேன்னு சொல்லலை. என் வீட்டுக்கு டவுன்ல இருந்து ஒரு ஆளு வந்து தங்குனதே இல்லைங்க. சுண்ணாம்பு அடிச்சிட்டேன், கட்டில் வாங்கிப் போட்டுட்டேன். இந்த ஒரு வாட்டி வந்துட்டுப் போகட்டுமேன்னு நெனச்சேன். தப்பு எம்மேலதான். அவரு மேலயும் இல்லை, புள்ளைக மேலயும் இல்லை."

கோயில் படியில் வீரய்யா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

சொல்லி முடித்ததும் விஜயலெட்சுமியின் மனசு லேசாகிவிட்டது. இரண்டு நாளாக மூளையில் அடைத்துக்கிடந்தது விலகியதும் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. பெரியாயியிடம் திரும்பினாள்.

"அக்கா, சதீஸு பொறந்தது காப்புலதானே?"

"ஆமா. அதுக்கு என்னா இப்ப?"

"ராத்திரியில வலி வந்து தோட்டத்து லொறியில பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கள்ல. மூணு ராத்திரி நீங்க அங்கதானே இருந்தீங்க. அப்ப காப்பு முறிஞ்சிச்சா?"

பெரியாயியின் கண் விரிந்தது. "என் பாயை விரிச்சு வச்சிருந்தாங்க" என்றாள் மெதுவாக.

"அந்தப் பாயிக்கு மூணு ராத்திரியும் காவல் படுத்தது நான்தான். எனக்கு அப்ப பதினாறு வயசு. ஆளு வர முடியலைன்னா ஆளு விரிச்சுப் படுத்தது தங்கணும், தனியாக் கெடக்காமப் பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்னு எங்க அம்மா என்னைய அனுப்பினாங்க."

தலைவர் தாடையைத் தடவினார். அவருக்கும் ஞாபகம் இருந்தது. லொறிக்குக் கதவு பிடித்தவரே அவர்தான். "ஆமா, அந்த வழக்கம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனவுகளுக்குத்தான் அதைச் செஞ்சிருக்கோம். கல்யாணத்துக்கும் செய்யலாந்தான். ரெண்டும் நல்ல காரியந்தானே."

"ஆனா இந்தப் புள்ள படுத்தது என் கட்டில்ல" என்று பெரியாயி இடைமறித்தாள். "என் கட்டில் தங்குனா நான் தங்குன கணக்காத்தான் ஆகும். அந்தப் புள்ள தன் கையால விரிச்சது வேணும்."

ஜுமானா கையோடு எடுத்துவந்திருந்த பையைத் திறந்து பச்சை விரிப்பை எடுத்தாள். "நான் உங்கட வீட்டுல விரிச்சது இது ஒன்னுதான்" என்றாள்.

எல்லார் பார்வையும் ஷுக்ரியின் பக்கம் போனது. தொழுகிற விரிப்பு.

ஷுக்ரி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார். "முஸல்லாங்கிறது ஒரு துணிதான். வீட்டுல இன்னும் ஆறு ஈக்கிது" என்றார். "சுத்தமான இடத்துல கெடந்தாப் போதும். கால் படாமப் பாத்துக்கொள்ளுங்க. அதுக்கு முன்னுக்கு விளக்கு, பூவு, ஒன்னும் வைக்க வேணாம்."

"விளக்கு இல்லாம எப்பிடி" என்றார் தலைவர்.

"பல்பைப் போட்டு விடுறோம்" என்றாள் நிரஞ்சலா.

அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கோயில் படியிலிருந்து வீரய்யா பேசினான். அந்தக் காலையில் அவன் பேசிய ஒரே பேச்சு அது. "நம்ம வீட்டுல இப்ப கவுச்சி கூட இல்லைங்க முதலாளி. சுத்தத்துக்குக் கொறை வராது."

"தெரியும் தம்பி" என்று ஷுக்ரி தொதல் பெட்டியை நீட்டினார். கரகக்காரன் வெளியே எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொல்ல, பெட்டி பந்தலில் சுற்றுக்கு வந்தது. வேன் கிளம்பும்போது பெரியாயி ஜன்னலுக்குள் தலையை விட்டு, "பொழுது விழுந்தா வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது, தெரியுமா" என்று உத்தரவு போட்டாள்.

விரிப்பை அதே மூலையில், அதே திசை பார்த்து விரித்தார்கள். நாற்பது வாட் பல்பு எரிந்தது. காவலுக்கு விஜயலெட்சுமி தயாராகத்தான் இருந்தாள். பெரியாயி விடவில்லை. பொழுது சாயும்போதே ரொட்டியும் கட்டச் சம்பலும் துணியில் கட்டிக்கொண்டு வந்து, விரிப்பிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். உட்கார்ந்ததும் முதல் வேலை, "போன் போடுடி. புள்ள வீட்டுக்குள்ளதான் இருக்கான்னு கேளு."

ஜுமானா எடுத்ததும் பெரியாயி போனை வாங்கிக்கொள்வாள். "எங்க இருக்க? சாப்பிட்டியா? காலு எப்பிடி இருக்கு?" என்று ஒவ்வொரு நாளும் அதே மூன்று கேள்விகள். செவ்வாய்க்கிழமை மாலை ஜுமானாவே வீடியோவில் கூப்பிட்டாள். ஹனாவின் இரண்டு கையிலும் ஈர மருதாணி. ஜுமானாவின் மூக்குக் கண்ணாடியிலும் கொஞ்சம். "கல்யாணப் புள்ளைகிட்டச் சொல்லு, ஒன் தங்கச்சி எடத்தை நான் பாத்துக்கிறேன்னு" என்றாள் பெரியாயி. அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை கொட்டின மழையில் தகரம் ஒழுகியது. அதுவும் அந்த மூலையில்தான். விரிப்பை நகர்த்தினால் ராத்தங்கல் முறியுமோ என்று பெரியாயிக்குச் சந்தேகம். நகர்த்தவில்லை. விஜயலெட்சுமியும் அவளும் கொழுந்துப் படங்கை இரண்டு பக்கம் பிடித்து மேலே கட்டினார்கள். படங்கில் தேங்கிய தண்ணீரைச் சட்டியில் வடித்து வடித்து வெளியே ஊற்றினார்கள். விரிப்பில் ஒரு சொட்டு விழவில்லை. அந்தச் சட்டி, ஜுமானாவுக்கென்று வாங்கிய புதுச் சட்டி. வெளியே இடி உருளும்போது விஜயலெட்சுமி கேட்டாள்.

"அக்கா, நான் மறைச்சதுக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. மொத நாளு இருந்துச்சு" என்றாள் பெரியாயி. "ஆறு வருஷமா இந்தக் காப்புல எனக்குப் பொழுது விழுந்தாத் தூக்கம் இல்லை. இந்த வருஷந்தான் உக்காந்த எடத்துலயே தூங்குறேன். காவலுக்கு வந்தவ தூங்குறேன்னு யாருக்கிட்டயும் சொல்லிறாத."

கரகம் சனிக்கிழமை நாலு லயத்தையும் சுற்றிவந்தது. தேர் ஞாயிறு விடியுமுன் நிலைக்கு வந்தது. வீரய்யா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தன் வீட்டு வாசலில் கரகத்தோடு நின்றபோது, உள்ளே எரிந்துகொண்டிருந்த பல்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். விஜயலெட்சுமி அவன் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது அழுதுவிட்டாள். இந்த முறை அழுகையை மறைக்கவும் இல்லை.

ஞாயிறு பத்து மணிக்குக் காப்பு அவிழ்த்தார்கள். பதினொரு மணிக்கு ஜுமானா வந்துவிட்டாள். உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஷுக்ரியும் படியேறி வந்தார். வந்தவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய்ப் பெரியாயியின் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பெரியாயி விரிப்பைத் தன் கையாலேயே மடித்து, மேலும் கீழும் தட்டிப் பார்த்து, ஜுமானாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. கை கால் முழுசாக இருந்தது. பெரியாயி விட்ட மூச்சு அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது.

நிரஞ்சலா பயிற்சிப் படிவத்தை எடுத்தாள். மறுநாள் பதுளையில் கொடுத்தாக வேண்டும். விருந்தினர் பெயர், சமயம், ஊர் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. "விருந்தினர் தங்கிய இரவுகள்" என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதப் பேனாவை வைத்தாள்.

"என்னாடி எழுதுற?" என்று பெரியாயி எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை ராத்திரி தங்குச்சுன்னு கேக்குறாங்க பெரியம்மா. ரெண்டு."

"ரெண்டா? எட்டு ராத்திரி நான் எதுக்கு இங்க உக்காந்திருந்தேன்? பத்துன்னு எழுது."

"அங்க ஒத்துக்க மாட்டாங்க பெரியம்மா. எப்பிடிப் பத்துன்னு கேப்பாங்க."

"கேட்டா என்னையக் கூப்பிடச் சொல்லு."

நிரஞ்சலா ஜுமானாவைப் பார்த்தாள். ஜுமானா மடியிலிருந்த பச்சை விரிப்பைத் தடவிக்கொண்டே, "பத்துதான். கீழ நான் சைன் வைக்கிறேன்" என்றாள்.